விடுதலை என்றால் எந்த விடுதலை? கோர்ட் ஆங்கிலம் படிப்பது பற்றி

ஈகோர்ட்ஸ் ஆப்பில் வழக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கொஸ்டினிங்னு போட்டிருக்கு, மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்களா?" என்று போன் செய்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஆப் வந்தது நல்ல விஷயம்தான், வாய்தா தேதி தெரிந்துகொள்ள வக்கீல் குமாஸ்தாவின் பின்னாலேயே நடக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் வருகிற வார்த்தைகள் எல்லாம் கோர்ட்டுக்குள்ளேயே புழங்கிப் புழங்கி உருவானவை, வெளியில் இருக்கிற அர்த்தத்தை வைத்துப் படித்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கொஸ்டினிங் என்றால் போலீஸ் விசாரணை இல்லை. நம் ஊர் கோர்ட்டுகளில் அது இரண்டு இடத்தில் வரும். ஆவண நகல்கள் கொடுத்த பிறகு, மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பது ஒன்று. அரசு தரப்பு சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு, உனக்கு எதிராக இன்ன இன்ன சாட்சியம் வந்திருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கோர்ட்டே எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கேட்பது இன்னொன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313வது பிரிவு, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதியதில் 351. இதில் சத்தியப் பிரமாணம் கிடையாது. பெரும்பாலும் "பொய் சாட்சி" என்று ஒரே பதிலாக முடிந்துவிடும்.

நான் தமிழ் வழியில் படித்தவன். சட்டக் கல்லூரியிலும் பரீட்சையைத் தமிழில்தான் எழுதினேன். சீனியரிடம் சேர்ந்து வழக்குக் கட்டைப் பிரித்தபோதுதான், கிரிமினல் வழக்குக்குத் தேவைப்படுகிற ஆங்கிலம் என்பது தனி ஆங்கிலம் என்று தெரிந்தது. அதை எப்படிப் படிப்பது என்று புதிதாக வருகிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். வழக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம் வரும். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று 1976லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஆங்கிலம்? வந்தது உண்மைதான். சாட்சியத்தைத் தமிழில்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் ஒரு கொலை வழக்கின் கட்டைக் கையில் எடுத்தால் அது பாதிப் பாதி. புகார் தமிழில் இருக்கும். போலீஸ் பதிவு செய்த சாட்சி வாக்குமூலங்கள் தமிழில். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற பார்வை மகஜர் தமிழில். ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) ஆங்கிலம், பிரேதப் பரிசோதனைச் சான்று ஆங்கிலம், தடய அறிவியல் ஆய்வக அறிக்கை ஆங்கிலம். நீங்கள் காட்டப்போகிற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலம். அரசியலமைப்பின் 348வது பிரிவுப்படி உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சென்னையில் தமிழும் வேண்டும் என்று சட்டமன்றம் 2006ல் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. அதனால் அப்பீல் போகிற அன்றைக்கு, உங்கள் ஊர்ச் சாட்சி சொன்ன ஒவ்வொரு வரியும் மொழிபெயர்க்கப்பட்டு ஆங்கிலத்தில் அங்கே போய் நிற்கும். அது சரியாகத்தான் போயிருக்கிறதா என்று பார்க்கவாவது இந்த ஆங்கிலம் வேண்டும். தமிழ் வேண்டும் என்று போராடுகிற கட்சியில் நானும் ஒருவன். ஆனால் அது வருகிற வரைக்கும், நம்மிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர் காத்திருக்க மாட்டார் அல்லவா.

அகராதியை வைத்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், லத்தீன் எல்லாம் அழகாக வரும், ஒரு ஜாமீன் மனுவில் கடைசிப் பத்தி எழுத வராது. முடிந்துபோன வழக்குக் கட்டு ஒன்றை எடுங்கள், சீனியர் ஆபீஸில் பரண் நிறைய இருக்கும். வழக்கு எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் வார்த்தைகளைப் படியுங்கள். எஃப்.ஐ.ஆரில் ஆரம்பித்து தீர்ப்பில் முடியுங்கள். அப்போது ஒரு வார்த்தை எங்கே பிறக்கிறது, யார் வாயிலிருந்து வருகிறது, அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்று சேர்ந்தே மனசில் உட்காரும்.

எஃப்.ஐ.ஆரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டேஷனில் கொடுப்பதை நாம் எல்லோரும் கம்ப்ளெயின்ட் என்கிறோம். சட்டத்தில் கம்ப்ளெயின்ட் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது மட்டும்தான், போலீஸிடம் கொடுப்பதற்குப் பெயர் இன்ஃபர்மேஷன். முதல் தகவல் அறிக்கை என்ற தமிழ்ப் பெயரே அதைத்தான் சொல்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்தவரை மட்டும் நம் ஊரில் டிஃபாக்டோ கம்ப்ளெயினன்ட் என்று எழுதுவார்கள். இதே மாதிரி காக்னிசபிள் என்பதும் காக்னிசன்ஸ் என்பதும் அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கும், வேலை வேறு வேறு. காக்னிசபிள் குற்றம் என்றால் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், கோர்ட் அனுமதி இல்லாமல் புலனாய்வைத் தொடங்கலாம். காக்னிசன்ஸ் எடுப்பது மாஜிஸ்திரேட்டின் வேலை, இந்த வழக்கை நான் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் மனதைச் செலுத்துவது. அது நடந்தபின்தான் வழக்குக்கு சி.சி. நம்பரோ பி.ஆர்.சி. நம்பரோ விழும். சி.சி. என்றால் மாஜிஸ்திரேட்டே விசாரிக்கிற வழக்கு. பி.ஆர்.சி. என்று கண்டால் இது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகவேண்டிய வழக்கு, கமிட்டல் ஆகி, அதாவது மாஜிஸ்திரேட் அங்கே அனுப்பி, போனதும் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்று வேறு நம்பர் வரும். நம்பர் மாறியதும் பழைய நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்போஸ்ட் என்று காட்டுகிறதே, வழக்கு முடிந்துவிட்டதா என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

சார்ஜ்ஷீட் என்பதையும் சார்ஜ் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சார்ஜ்ஷீட் போலீஸ் போடுவது, கோர்ட் காகிதங்களில் அதற்கு ஃபைனல் ரிப்போர்ட் என்று பெயர். சார்ஜ் கோர்ட் போடுவது, ஆங்கிலத்தில் ஃப்ரேம் செய்வார்கள், தமிழில் வனைவார்கள். "குற்றச்சாட்டு வனையப்பட்டது" என்று தீர்ப்பில் பார்த்திருப்பீர்கள். பானைக்கும் குற்றச்சாட்டுக்கும் ஒரே வினைச்சொல், யார் இதைத் தேர்ந்தெடுத்தாரோ அவருக்கு ஒரு வணக்கம். ஃபைனல் ரிப்போர்ட் எப்போதும் எதிரிக்கு எதிராகத்தான் இருக்கும் என்றும் இல்லை. மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட், அதாவது புகாரின் விவரமே பிழை, என்று போட்டு மூடிவிட்டால் அதுவும் ஃபைனல் ரிப்போர்ட்தான். அப்போது புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாள் வரும். நிறைய பேர் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, என்னவென்று தெரியாமலேயே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் வழக்கை மூடப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டில் சொல்லுங்கள் என்று அர்த்தம். அதை எதிர்த்துப் போடுவதுதான் ப்ரொடெஸ்ட் பெட்டிஷன்.

இனி காயங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஆங்கில வார்த்தை ஒன்று வழக்கையே திருப்புவதை இங்கேதான் நேராகப் பார்க்கலாம். அப்ரேஷன் என்றால் சிராய்ப்பு. கன்டியூஷன் என்றால் அடிபட்டுக் கன்றிப்போனது. லாசரேஷன் என்றால் தோல் கிழிந்த காயம், மொண்ணையான பொருளால் வருவது. இன்சைஸ்டு வூண்டு என்றால் வெட்டுக்காயம், கூர்மையான ஆயுதத்தால் வருவது, ஓரங்கள் சீராக இருக்கும். ஸ்டாப் வூண்டு என்றால் குத்துக்காயம், அகலத்தைவிட ஆழம் அதிகம். இப்போது எஃப்.ஐ.ஆரில் அரிவாளால் வெட்டினான் என்று இருக்கிறது, ஏ.ஆர். காப்பியில் லாசரேஷன் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஃபென்ஸ் வக்கீலுக்கு அன்றைக்கு வேறு வேலையே வேண்டாம். அரசு தரப்பு சும்மா இருக்குமா, அரிவாளின் பின்பக்கத்தால் அடித்தான் என்று சாட்சி சொல்வார், அது போலீஸ் வாக்குமூலத்தில் இல்லையே என்று இவர் கேட்பார். மண்டையில் அடிபட்டிருந்தால் இன்னொரு சிக்கல், எலும்புக்கு மேலே தோல் இறுக்கமாக இருக்கிற இடத்தில் கட்டையால் அடித்தாலும் காயம் வெட்டின மாதிரியே தெரியும், டாக்டர்களே ஒப்புக்கொள்வார்கள். ஒரே ஒரு வார்த்தை தெரியாவிட்டால் இத்தனை சண்டையும் உங்கள் கண்ணில் படாமலேயே போய்விடும்.

ஏ.ஆர். காப்பியின் முதல் வரியையும் விடாதீர்கள். இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், மூன்று தெரிந்த நபர்கள் மரக்கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதில் நோன் பெர்சன்ஸ் என்று இருக்கிறதா அன்நோன் பெர்சன்ஸ் என்று இருக்கிறதா, எத்தனை பேர், என்ன ஆயுதம், இந்த மூன்றையும் எஃப்.ஐ.ஆரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத மூன்று பேர் என்று சொன்னவர், அப்புறம் கொடுத்த புகாரில் ஐந்து பேரை அப்பன் பெயரோடு சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்து குறுக்கு விசாரணையில் பாதி இந்த ஒரு வரியில் இருந்துதான் கிளம்புகிறது. அலெஜ்டு என்ற சொல்லும் அங்கேதான் முதலில் வரும். டாக்டர் பார்க்கவில்லை, காயம்பட்டவர் சொன்னார், அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் இதற்குத்தான் "கூறப்படுகிறது" என்று எழுதுகிறார்கள்.

க்ரீவியஸ் ஹர்ட் என்றால் பலத்த காயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அது எட்டு வகை என்று சட்டமே எண்ணி வைத்திருக்கிறது. எலும்பு முறிவு, பல் விழுவது, கண் பார்வை நிரந்தரமாகப் போவது என்று. கடைசி வகையில், காயம்பட்டவர் 20 நாள் கடும் வலியில் இருந்தால் அல்லது வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் இருந்தால் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) இருந்தது. 2024ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 15 நாள் ஆகிவிட்டது. சத்தமில்லாமல் நடந்த மாற்றம், அடிதடி வழக்கில் இது பெரிய விஷயம்.

கைது, ரிமாண்ட், ஜாமீன். இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயர்ச்சொல்லை மட்டும் எழுதி வைக்காதீர்கள், அதோடு வருகிற வினைச்சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். தமிழ் வழியில் படித்த நாம் தடுமாறுவது எப்போதும் வினைச்சொல்லில்தான். பெயில் என்ற வார்த்தை யாருக்குத் தெரியாது? ஆனால் பெயில் க்ரான்ட் ஆகும், பெட்டிஷன் அலவ் ஆகும் அல்லது டிஸ்மிஸ் ஆகும். பாண்டு (பிணைப் பத்திரம்) எக்ஸிக்யூட் செய்ய வேண்டும், ஷ்யூரிட்டி (ஜாமீன்தாரர்) ஃபர்னிஷ் செய்ய வேண்டும், கண்டிஷன் ரிலாக்ஸ் செய்யச் சொல்லி மனு போட வேண்டும். ஆள் என்லார்ஜ் ஆவார். என்லார்ஜ் ஆன் பெயில் என்பதை முதல் தடவை பார்க்கிறவன் அகராதியில் தேடினால் பெரிதாக்கு என்று இருக்கும், ஜெயிலில் இருந்து வந்தவரை எதற்குப் பெரிதாக்குகிறார்கள் என்று யோசிக்கத்தான் செய்வான். கட்டவிழ்த்து வெளியே விடுவது என்ற பழைய பொருள் அது, கோர்ட் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. சார்ஜ் ஃப்ரேம் ஆகும், ஆல்டர் ஆகும். சாட்சி எக்ஸாமின் ஆவார். ஆவணம் மார்க் ஆகும். சென்டென்ஸ் இம்போஸ் செய்வார்கள், எதிரி அதை அன்டர்கோ செய்வார். இப்படி ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டால் மனு எழுதும்போது கை தானாக ஓடும்.

அறுபது நாள், தொண்ணூறு நாள் கணக்கு உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். ரிமாண்ட் ஆன நாளில் இருந்து எண்ணி, குற்றத்தைப் பொறுத்து அந்தக் கெடுவுக்குள் சார்ஜ்ஷீட் போடாவிட்டால் ஜாமீன் கிடைப்பது எதிரியின் உரிமை. டிஃபால்ட் பெயில், ஸ்டேச்சுட்டரி பெயில், மேன்டேட்டரி பெயில் என்று மூன்று பெயரில் தீர்ப்புகளில் வரும், மூன்றும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

(இலங்கை வாசகர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே செய்தியில் "விளக்கமறியல்", "பிணை", "சந்தேகநபர்", "நீதவான்" என்று இயல்பாகப் புழங்குகிறார்கள், நாங்கள் இங்கே ரிமாண்டையும் ஜாமீனையும் தமிழாகவே ஆக்கிவிட்டோம்.)

கோர்ட் ஹாலுக்குள் என்ன பேசுவது என்பதைச் சினிமாவில் இருந்தும் அமெரிக்க சீரியலில் இருந்தும் படித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபெலனி, மிஸ்டிமீனர், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எல்லாம் அந்த நாட்டுச் சரக்கு, இங்கே வேலைக்கு ஆகாது. ஜூரியும் நமக்கு எப்போதோ போய்விட்டது. நீதிபதி மர சுத்தியலைத் தட்டி ஆர்டர் ஆர்டர் என்று சொல்வதை எங்கள் கோர்ட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை, மேசையில் சுத்தியலே கிடையாது. மை லார்ட் வேண்டியதில்லை என்று இந்திய பார் கவுன்சில் 2006லேயே சொல்லிவிட்டது, கீழமை நீதிமன்றத்தில் சார் என்றால் போதும். எங்கள் பக்கம் "அய்யா", "அம்மா"தான்.

குறுக்கு விசாரணைக்கு மட்டும் தமிழும் ஆங்கிலமும் கையைக் கோத்துக்கொண்டு வரும். சாட்சியம் பதிவாகும்போது "நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும் போலீசார் சொல்லிக்கொடுத்தபடி சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல" என்று ஒரு வாக்கியம் வரும் பாருங்கள், அதற்குப் பெயர் சஜஷன். எதிர்த்தரப்பு தன் வாதத்தைச் சாட்சியின் முன்னால் வைக்கிறது, சாட்சி மறுக்கிறார். ஆங்கிலத்தில் அது 'இட் ஈஸ் நாட் கரெக்ட் டு சஜஸ்ட் தட்' என்று ஆரம்பிக்கும். வீட்டில் உட்கார்ந்து சாட்சியத்தை வாசிக்கிற கட்சிக்காரர், ஐயோ நம் சாட்சி பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாரே என்று பதறுவார். கடைசியில் நிற்கிற அந்தச் "சரியல்ல" என்பதில்தான் முழு அர்த்தமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த மறுப்பு வாக்கியத்தின் தலையில் வருகிறது, தமிழில் வாலில் வருகிறது. மொழிபெயர்க்கும்போது வால் விழுந்துவிட்டால் சாட்சி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்பீலுக்காக டைப் செய்து கொடுக்கிற கட்டில், அதாவது டைப் செட்டில், இதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

ஹாஸ்டைல் என்ற வார்த்தையும் பிரபலம். தமிழில் பிறழ்சாட்சி, அதாவது தன்னை அழைத்த தரப்புக்கே எதிராக மாறிச் சொல்கிறவர். சாட்சியச் சட்டத்தில் அந்த வார்த்தையே இல்லை, தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யக் கோர்ட் அனுமதி கொடுக்கலாம் என்று மட்டும்தான் இருக்கிறது. ஹாஸ்டைல் ஆனவர் சொன்னதெல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அவர் சாட்சியத்தில் நம்பத்தகுந்த பகுதியை இரண்டு தரப்பும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 'விடுதலை' என்று செய்தியில் வந்தால் எனக்கு உடனே அடுத்த கேள்வி வரும், எந்த விடுதலை? ஜாமீனில் வந்தாலும் விடுதலை என்கிறோம், வழக்கில் இருந்து தப்பினாலும் விடுதலை, தண்டனை முடிந்து வந்தாலும் விடுதலை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் தனி விளைவு. உயர் நீதிமன்றம் க்வாஷ் செய்தால் வழக்கையே ரத்து செய்துவிட்டது. டிஸ்சார்ஜ் என்றால் சார்ஜ் ஃப்ரேம் பண்ணுவதற்கு முன்பே, இவர் மீது வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அக்விட்டல் என்றால் விசாரணை முழுதாக நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அக்விட்டல் ஆனவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை, அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, டிஸ்சார்ஜ் என்பது அக்விட்டல் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜியாகிப் போனால், அதாவது காம்பவுண்ட் ஆனால், அக்விட்டலுக்குச் சமம். எதிரி இறந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அபேட் ஆகும், அதாவது அத்தோடு அற்றுப்போகும், அது எந்த விடுதலையும் இல்லை.

இதெல்லாம் வக்கீல்களுக்குத்தானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதுகிற பையன்கள் என்னிடம் தீர்ப்பு நகலோடு வருவார்கள், விடுதலை ஆகிவிட்டேனே, ஏன் வேலை தர மாட்டேன் என்கிறார்கள் என்று. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பெனிஃபிட் ஆஃப் டவுட் என்று இருக்கும். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுவிப்பது. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலை ஆனவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். ஹானரபிள் அக்விட்டல் வேண்டும் என்பார்கள். அந்தச் சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ தண்டனைச் சட்டத்திலோ இல்லை, தீர்ப்புகள் வழியாக வந்தது என்று, தமிழகக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே 2012ல் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டங்களில் இல்லாத ஒரு சொல் ஒருவன் வேலையைத் தீர்மானிப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை, ஆனாலும் நடப்பு இதுதான். அதனால் அடிதடி வழக்கில் சமாதானமாகப் போகலாம், சாட்சி சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்று எதிர்த்தரப்பு சொன்னால், பையனுக்கு என்ன வயது, என்ன வேலைக்குப் போகப் போகிறான் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் 2022 மே 18 அன்று விடுதலை செய்தபோதும் இதே குழப்பம் பார்த்தேன். டீக்கடையில் ஒருவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டது என்றார், இன்னொருவர் அப்படியானால் 30 வருஷத்துக்கு யார் பதில் சொல்வது என்றார். அது அக்விட்டல் இல்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்க, அரசியலமைப்பின் 142வது பிரிவில் உள்ள அதிகாரத்தை வைத்து மீதித் தண்டனையில் இருந்து விடுவித்தது. அவர் பக்கம் நின்றவர்களுக்கும் எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம்.

தண்டனைப் பகுதியில் கன்கரன்ட்லி என்ற ஒரு சொல்லைத் தேடுங்கள். ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று தமிழில் எழுதுவார்கள். ஒரு பிரிவில் 3 வருஷம், இன்னொன்றில் 5 வருஷம் என்றால் ஏககாலத்தில் 5, அடுத்தடுத்து என்றால் 8. அந்த ஒரு வார்த்தைதான் மூன்று வருஷம். செட் ஆஃப் என்பது ஏற்கனவே ரிமாண்டில் இருந்த நாளைக் கழிப்பது. டில் ரைசிங் ஆஃப் தி கோர்ட் என்று வந்தால் கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் சிறை. ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்று ஊரே சொல்லும், அது சரியில்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை மாதிரி, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரைத் தண்டனைக் குறைப்பு கொடுத்து வெளியே விடுவதற்கு முன் 14 வருஷமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 302, 420 எல்லாம் நம் பேச்சுத் தமிழிலேயே சேர்ந்துவிட்டன. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் 302 இப்போது 103(1), 420 இப்போது 318(4), 307 இப்போது 109. நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான், தடை உத்தரவுக்கு 144 என்று பழகிய வாய்க்கு 163 வரவே மாட்டேன் என்கிறது. சமஸ்கிருதப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி அதை நாம் தமிழில் உச்சரிக்க வேண்டியிருக்கிறது, இதை எதிர்த்து நம் ஊரில் வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்புகூடச் செய்தோம். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றம் பழைய ஐ.பி.சி.யில்தான் நடக்கும் என்பதால் இரண்டு எண்களும் இன்னும் பல வருஷம் வேண்டும். ஆனால் வாக்கியங்கள் பெரும்பாலும் மாறவில்லை, எண்தான் மாறியிருக்கிறது. வார்த்தையைப் படித்தவன் பிழைத்துக்கொண்டான், எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவன்தான் பாவம்.

படிப்பதற்கு என்ன புத்தகம் என்று கேட்டால் நான் தனியாக எதையும் சொல்ல மாட்டேன், சட்டப் புத்தகத்தில் பிரிவுகளுக்குக் கீழே இருக்கிற இல்லஸ்ட்ரேஷன்களைப் படியுங்கள் என்பேன். மெக்காலே தலைமையில் 1837ல் எழுதிய வரைவில் இருந்தே வருகிற வழக்கம் இது. பிரிவு ஒரே மூச்சில் ஏழெட்டு வரி ஓடும், ஹூஎவர் என்று தொடங்கினால் ஷால் பி பனிஷ்டு வருவதற்குள் நமக்கு மூச்சு முட்டும். அதற்குக் கீழே உள்ள உதாரணங்களோ பள்ளிக்கூடக் கதை மாதிரி எளிமையாக இருக்கும். ஏ என்று ஒருவன், இசட் என்று ஒருவன். இசட்டின் நிலத்தில் இருக்கிற மரத்தை, எடுத்துக்கொண்டு போகும் எண்ணத்தில் ஏ வெட்டுகிறான், வெட்டி முடித்த நிமிஷமே அது திருட்டு. பையில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு இசட்டின் நாயைத் தன் பின்னால் வர வைக்கிறான், நாய் நடக்க ஆரம்பித்ததும் அது திருட்டு. புதையல் பெட்டி சுமந்து வருகிற மாடு ஒன்று எதிரே வருகிறது, அதைத் தன் வசதிக்கு ஒரு பக்கமாக ஓட்டுகிறான். இதைப் படித்தவனுக்கு டிஸ்ஹானஸ்ட்லி, பொசஷன், கன்சென்ட், மூவபிள் ப்ராப்பர்ட்டி நான்கும் மரத்தோடும் நாயோடும் மாட்டோடும் ஒட்டிக்கொள்ளும். கோர்ட்டில் கன்சென்ட் இல்லை என்று வாதிடும்போது அந்த நாய் எனக்கு இன்னமும் ஞாபகம் வரும்.

அதோடு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகள் கிடைக்கின்றன, ஆங்கிலத் தீர்ப்பைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படிக்கலாம். சில இடங்களில் தமிழ் கரடுமுரடாக இருக்கும், இதைவிட நன்றாக நானே எழுதுவேனே என்று தோன்றும். தோன்றினால் எழுதிப் பாருங்கள், அதுவும் பாடம்தான்.

புதிய சட்டத்தில் திருட்டு 303, ஏமாற்றுதல் 318, மரணம் விளைவிப்பது 100, 101. இந்த வரிசையில் உதாரணங்களை வாய்விட்டுப் படித்து, பக்கத்து ஜூனியரிடம் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். அவதூறு, 356, அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து விதிவிலக்கு இருக்கிறது அதில், முதல் நாளே எடுத்தால் புத்தகத்தை மூடிவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விடுவீர்கள்.